கோப்புறையை எந்தக் காட்சியில் பார்ப்பது? ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் காட்சி முறைகளைத் தேர்ந்தெடுக்கும் வழி

கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்ததும் உள்ளே இருப்பவை எந்த வடிவில் கண்முன் வந்து நிற்கின்றனவோ, அந்த வடிவிலேயே நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கிறோம். முந்நூறு பிடிஎஃப் கோப்புகள் அச்சில் வார்த்தாற்போல ஒரே ஐகானுடன் வரிசைகட்டி நிற்க, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள பெயரைக் கண்ணால் துழாவிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. திருமணப் புகைப்படங்கள் முழுவதையும் வெறும் பெயர்ப்பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடுகிறவர்களும் உண்டு. முன்னவருக்குத் தேவைப்பட்டது பட்டியல். பின்னவருக்குத் தேவைப்பட்டது சிறுபடம். இரண்டுமே அதே சாளரத்தில் நொடியில் மாற்றிக்கொள்ளக்கூடியவை.

காட்சி முறை என்பது அவரவர் ரசனையைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஓரளவுக்கு அது சரிதான். ஆயினும், தேடுகிற கோப்பை எந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடிக்கப்போகிறோம் என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டால், எட்டு வகைக் காட்சிகளில் ஆறு தாமாகவே விலகிவிடும். பெயர் தெரியுமா, தேதி தெரியுமா, அளவு தெரியுமா, பார்த்தால்தான் தெரியுமா, அல்லது எந்தக் கோப்புறைக்குள் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற வழி மட்டும் நினைவில் இருக்கிறதா? இதற்கான விடைதான் காட்சி முறையைத் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரை வைத்தே பேசுகிறது. மேக், லினக்ஸ் பயனர்களுக்குத் தேவையானவை பிற்பகுதியில் உள்ளன.

மாற்றுவது எப்படி

விண்டோஸ் 11-இல் சாளரத்தின் மேற்பட்டையில் உள்ள 'வியூ' பொத்தானை அழுத்தினால் எல்லாக் காட்சி முறைகளும் பட்டியலாக விரியும். விண்டோஸ் 10-இல் அதே பெயருள்ள தாவலில் அவை கிடைக்கும். இவற்றைவிட விரைவான வழி விசைப்பலகைதான். கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய இரண்டையும் பிடித்துக்கொண்டு 1 முதல் 8 வரை ஓர் எண்ணை அழுத்த வேண்டும். 1 முதல் 4 வரை ஐகான்கள், பெரியதிலிருந்து சிறியதாக, 5 லிஸ்ட், 6 டீடெயில்ஸ், 7 டைல்ஸ், 8 கன்டென்ட். எட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 6, 2 ஆகிய இரண்டு எண்கள் நினைவிலிருந்தால் அன்றாட வேலை நடந்துவிடும். அந்த இரண்டையும் சாளரத்தின் அடியில், வலது மூலையில், இரு சிறு பொத்தான்களாகவும் வைத்திருக்கிறார்கள். பலர் கண்ணில் அவை படுவதே இல்லை.

கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டினாலும் காட்சி மாறும். ஐகான்களைப் பொறுத்தவரை இது மிகவும் வசதியானது. எக்ஸ்ட்ரா லார்ஜ் 256 பிக்சல், லார்ஜ் 96, மீடியம் 48, ஸ்மால் 16 என்ற நான்கு அளவுகளோடு நில்லாமல், இடைப்பட்ட அளவுகளிலும் சக்கரம் நின்று செல்லும். சில வேளைகளில் கண்ட்ரோல் விசையின் மேல் விரல் தெரியாமல் பட்டு, திடீரென்று எல்லாம் பூதாகரமாகிவிட்டதே என்று பதறுவதற்கும் இந்தச் சக்கரமே காரணம். எதிர்ப்பக்கம் உருட்டினால் பழைய நிலை திரும்பிவிடும்.

டீடெயில்ஸ்: பெயரும் தேதியும் அளவும் தெரிந்தால்

ஆவணங்கள் நிறைந்த கோப்புறை எதுவானாலும் டீடெயில்ஸ் காட்சியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. வரிக்கு ஒரு கோப்பு, அதன் பக்கத்தில் மாற்றப்பட்ட தேதி, வகை, அளவு என்று நெடுவரிசைகள் இருக்கும். இந்தக் காட்சியின் பலம் தகவல்கள் தெரிவதில் மட்டும் அடங்கிவிடவில்லை. தலைப்பை ஒருமுறை கிளிக் செய்தால் அந்தத் தகவலின்படி எல்லாம் வரிசையாகிவிடும், மறுமுறை கிளிக் செய்தால் வரிசை தலைகீழாகும். வன்தட்டு நிரம்பிவிட்டதென்றால் 'சைஸ்' தலைப்பைக் கிளிக் செய்து பெரியவற்றை மேலே கொண்டுவாருங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய காணொளி தானே முதலில் வந்து நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த நெடுவரிசையில் கோப்புகளின் அளவு மட்டுமே தெரியும், கோப்புறைகளுக்கு நேரே வெற்றிடமாகத்தான் இருக்கும். ஒரு கோப்புறையின் மொத்த அளவு வேண்டுமானால் அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையுடன் என்டரை அழுத்திப் 'ப்ராபர்ட்டீஸ்' பெட்டியைப் பார்க்க வேண்டும்.

தலைப்பு வரியில் வலது கிளிக் செய்தால் வேறு நெடுவரிசைகளைச் சேர்க்கலாம். அந்தப் பட்டியலின் கடைசியில் உள்ள 'மோர்' என்பதைத் திறந்தால், புகைப்படத்தின் நீள அகலம், காணொளியின் ஓடும் நேரம், ஆவணத்தின் பக்க எண்ணிக்கை என்று நீண்ட வரிசை வரும். காணொளிகளைத் தொகுப்பவர் 'லெங்த்' நெடுவரிசையையும், சுவரொட்டி வடிவமைப்பவர் 'டைமென்ஷன்ஸ்' நெடுவரிசையையும் ஒருமுறை சேர்த்துவிட்டால், ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் வேலை மிச்சமாகும்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. 'டேட் கிரியேட்டட்' என்பதை அந்த ஆவணம் முதன்முதலில் எழுதப்பட்ட நாள் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. விண்டோஸில் ஒரு கோப்பைப் பென்டிரைவிலிருந்து கணினிக்கு நகலெடுத்தால், நகலெடுத்த நேரமே அந்த நகலின் உருவான தேதியாகப் பதிவாகும். 'டேட் மாடிஃபைட்' மட்டும் பழையபடியே இருக்கும். ஆகவே உருவான தேதி, மாற்றிய தேதிக்குப் பிந்தியதாகத் தெரியும் விந்தையும் நேரும். எப்போது எழுதினோம் என்பதை அறிய மாடிஃபைட் நெடுவரிசையையும், இந்தக் கணினிக்கு எப்போது வந்தது என்பதை அறிய கிரியேட்டட் நெடுவரிசையையும் நம்புவது நல்லது.

தலைப்பின் மேல் சுட்டியை நிறுத்தினால் அதன் ஓரத்தில் சிறிய அம்புக்குறி தோன்றும். அதைத் திறந்து பிடிஎஃப் வகையை மட்டும், அல்லது சென்ற வாரக் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து வடிகட்டலாம். வடிகட்டிய பின் தலைப்பில் ஒரு டிக் அடையாளம் இருக்கும். கோப்புகள் பாதியைக் காணவில்லை என்று கலங்குவதற்கு முன் அந்த டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழில் பெயரிடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி இன்னொரு விதத்திலும் உதவுகிறது. 'ஊராட்சி மன்றக் கூட்டத் தீர்மானம் ஜனவரி', 'ஊராட்சி மன்றக் கூட்டத் தீர்மானம் பிப்ரவரி' என்று பன்னிரண்டு கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர ஐகான் காட்சியில் இடம் போதாமல் விண்டோஸ் பெயரின் வால்பகுதியை வெட்டிவிடும். பன்னிரண்டு கோப்புகளையும் வேறுபடுத்திக் காட்டுவது அந்த வால்தான் என்பதால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். டீடெயில்ஸ் காட்சியில் தலைப்புகளுக்கு இடையிலுள்ள கோட்டை இரட்டைக் கிளிக் செய்தால், மிக நீண்ட பெயருக்கு ஏற்ப அந்த நெடுவரிசை விரிந்துகொள்ளும். எல்லா நெடுவரிசைகளையும் ஒரேயடியாக விரிக்க, கண்ட்ரோல் விசையுடன் எண்பலகையில் உள்ள கூட்டல் குறியை அழுத்தலாம். அப்படியே பெயரிடும் முறையையும் மாற்றி, '2024-01 தீர்மானம்' என்பதுபோல் வேறுபடும் பகுதியை முன்னால் வைத்தால், பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற இதே ஒழுங்கில் எழுதினால்தான் இது பலிக்கும்.

டவுன்லோட்ஸ் கோப்புறைக்கு டீடெயில்ஸ் காட்சியைப் பாதுகாப்புக் கருதியும் பரிந்துரைக்கிறேன். நிரல் கோப்பு ஒன்றுக்குப் பிடிஎஃப்பின் ஐகானை ஒட்டி அனுப்புவது பழைய தந்திரம். பெரிய ஐகான்களில் அது ரசீது போலவே தோன்றும். டீடெயில்ஸ் காட்சியின் 'டைப்' நெடுவரிசையிலோ 'அப்ளிகேஷன்' என்று உண்மை வெளியாகிவிடும். கூடவே 'வியூ' பட்டியலில், கோப்புப் பெயரின் நீட்டிப்புகளைக் காட்டும் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற தேர்வையும் இயக்கி வையுங்கள்.

திரைவாசிப்பானைக் கொண்டு கணினியை இயக்குகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது. கீழ்நோக்கு அம்பை அழுத்தினால் எப்போதும் அடுத்த கோப்புக்கே போகும். ஐகான் காட்சியில் கீழே இருப்பது எது என்பது சாளரத்தின் அகலத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

பார்த்தால்தான் தெரியும் என்றால்

புகைப்படங்கள், வரைபடங்கள், காணொளிகள் ஆகியவற்றுக்கு லார்ஜ் அல்லது எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகான்கள்தான். கேமரா தானாக வைத்த எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகளில், பெயரைப் படிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் சிறுபடம் உருவாகாத கோப்புகளை இந்தக் காட்சியில் வைப்பது, சமையலறையில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிவைத்துவிட்டு மிளகாய்த்தூளைத் தேடுவதற்குச் சமம். விண்டோஸ் தானாகப் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைச் சிறுபடமாகக் காட்டுவதில்லை. நிறுவியிருக்கும் பிடிஎஃப் மென்பொருள் அந்த வசதியைத் தர வேண்டும். அடோபி அக்ரோபேட்டில் அதற்கான தேர்வு அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஐஃபோனிலிருந்து வரும் எச்இஐசி வகைப் படங்களும் சில விண்டோஸ் கணினிகளில் வெற்று ஐகான்களாகவே நிற்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து அதற்கான எக்ஸ்டென்ஷன்களை நிறுவினால் படங்கள் தெரியத் தொடங்கும்.

சிறுபடங்கள் எவ்வளவு முயன்றும் வராமல் எல்லாக் கோப்புகளும் பொது ஐகான்களாகவே நின்றால், கோப்புறைகளுக்கான அமைப்புகளைக் கொண்ட ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பெட்டியின் 'வியூ' தாவலில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெதுவான பழைய கணினியிலும், அலுவலகப் பிணையத்தில் உள்ள காணொளிக் கோப்புறையிலும் அதைத் தேர்வு செய்துவைப்பதில் நியாயம் உண்டு. பிணையத்தில் உள்ள கோப்புறைகளை ஐகான் காட்சியில் திறக்கும்போது, 'தம்ப்ஸ்' என்ற பெயரில் மறைவான தரவுக் கோப்பு ஒன்றை விண்டோஸ் அங்கேயே எழுதிவைப்பதுண்டு. சில சமயம் அந்தக் கோப்பை எக்ஸ்ப்ளோரரே பிடித்துக்கொண்டிருப்பதால் காலிக் கோப்புறையைக்கூட நீக்க முடியாமல் போகும். அப்போது டீடெயில்ஸ் காட்சிக்கு மாறிச் சற்று நேரம் விட்டு முயன்றால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

புகைப்படங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதும் காட்சியைப் போலவே முக்கியம். கேமராவில் எடுத்தவற்றுக்கு 'டேட் டேக்கன்' என்பதன்படி வரிசைப்படுத்துவதே சரி. ஷட்டரை அழுத்திய நேரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக வருபவற்றில் அந்தப் பதிவு உதிர்ந்துவிடுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டு ஃபோனிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் படங்களின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் நாளும் எட்டு இலக்கங்களாக இருப்பதால், பெயர்வாரியாக வரிசைப்படுத்தினாலே கால வரிசை கிடைத்துவிடும். கணினியில் வாட்ஸ்அப் வெப் மூலம் தரவிறக்கியவற்றின் பெயரில் நேரம் பன்னிரண்டு மணிக் கணக்கில் இருக்குமானால், பிற்பகல் 1 மணிப் படம் காலை 10 மணிப் படத்துக்கு முன்னால் வந்து உட்காரும். அவற்றுக்கு மாடிஃபைட் தேதியே மேல்.

ஆவணங்களின் பட்டியலும் வேண்டும், உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப்பார்க்கவும் வேண்டும் என்றால், டீடெயில்ஸ் காட்சியில் இருந்தபடியே ஆல்ட் விசையுடன் பி எழுத்தை அழுத்துங்கள். வலப்பக்கம் முன்னோட்டப் பலகம் திறந்து, தேர்ந்தெடுத்த கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும். ஐகான்களைப் பெரிதாக்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைவிட இந்தக் கூட்டணி பன்மடங்கு சிறந்தது. 2025 அக்டோபரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பின், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு இந்த முன்னோட்டம் தானாகத் தடுக்கப்படுகிறது. நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த கோப்பானால், அதன் 'ப்ராபர்ட்டீஸ்' பெட்டியில் 'அன்பிளாக்' என்பதைத் தேர்வு செய்த பிறகு முன்னோட்டம் பெறலாம்.

மற்றவை

லிஸ்ட் காட்சியில் பெயர் மட்டுமே இருக்கும். கோப்புகள் மேலிருந்து கீழாக இறங்கி, இடம் தீர்ந்ததும் அடுத்த பத்திக்குத் தாவும். திரை பக்கவாட்டில் நகரும். பெயர்கள் குறுகியவையாக இருந்தால் ஒரே திரையில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் காண இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஸ்மால் ஐகான்ஸ் ஏறக்குறைய இதேதான். இடமிருந்து வலமாக ஓடும் என்பது மட்டும் வேறுபாடு. இரண்டில் ஒன்றை நீக்கியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். டைல்ஸ், 'திஸ் பிசி' பக்கத்தில் ஒவ்வொரு டிரைவிலும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று காட்டுவதற்கு நன்றாக இருக்கிறது; கோப்புகளுக்கு அது இடத்தை விழுங்குகிறது. கன்டென்ட் காட்சி தேடல் முடிவுகளுக்கென்றே பிறந்தது: தேடலுக்காக விண்டோஸ் முன்கூட்டியே அட்டவணையிட்டு வைத்த ஆவணங்களில் தேடிய சொல் எந்த வாக்கியத்தில் வருகிறது என்பதைப் பெயருக்குக் கீழேயே காட்டும்.

தேர்ந்தெடுத்த காட்சி நிலைத்திருக்க

பெரும்பாலான மனத்தாங்கல் இங்கேதான் எழுகிறது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பெட்டியில் 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பொத்தானை அழுத்தி, எல்லாக் கோப்புறைகளும் இனி டீடெயில்ஸ் காட்சியில்தான் என்று நிம்மதியாக இருப்போம்; மறுநாள் வேறொரு கோப்புறை பெரிய ஐகான்களோடு திறக்கும். காரணம், அந்தப் பொத்தான் எல்லாக் கோப்புறைகளையும் மாற்றுவதில்லை. திறந்திருக்கும் கோப்புறை எந்த வகையைச் சேர்ந்ததோ, அந்த வகைக் கோப்புறைகளை மட்டுமே மாற்றும். விண்டோஸ் தன் கோப்புறைகளைப் பொது, ஆவணங்கள், படங்கள், இசை, காணொளிகள் என ஐந்து வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளே இருப்பவற்றைப் பார்த்து வகையைத் தானே ஊகித்துக்கொள்வதும் உண்டு. கணக்குக் கோப்புறையில் ஸ்கேன் செய்த ரசீதுகளைப் படங்களாகச் சேர்த்துக்கொண்டே போனால், அது ஒருநாள் 'படங்கள்' வகைக்கு மாறி, தேதியும் அளவும் இருந்த இடத்தில் சிறுபடங்கள் வந்து நிற்கக்கூடும்.

இதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' பெட்டியைத் திறந்து, 'கஸ்டமைஸ்' தாவலுக்குப் போங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்தால் உட்கோப்புறைகளுக்கும் அதே வகை பொருந்தும். பின்னர் அந்தக் கோப்புறையைத் திறந்து, விரும்பிய காட்சி, நெடுவரிசைகள், வரிசைமுறை ஆகிய அனைத்தையும் அமைத்துக்கொண்ட பிறகே 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். படங்கள் வகைக்கும் இதேபோல் ஒருமுறை, பெரிய ஐகான்களை அமைத்துவிட்டுச் செய்தால், ஆவணங்கள் பட்டியலாகவும் புகைப்படங்கள் சிறுபடங்களாகவும் தாமாகவே திறக்கும்.

டவுன்லோட்ஸ் கோப்புறை தனிரகம். அது தொடக்கத்திலேயே இன்று, சென்ற வாரம், சென்ற மாதம் என்று தேதிவாரியாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பெயர் தலைப்பைக் கிளிக் செய்தாலும் ஒவ்வொரு குழுவுக்குள்ளும்தான் அகரவரிசை அமையும். வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, 'குரூப் பை' என்பதில் 'நன்' என்று மாற்றினால் முழுப் பட்டியலும் ஒன்றாகும். எனக்கு அந்தக் குழுக்கள் பிடித்திருக்கின்றன; நேற்று இறக்கியது எது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விடை கிடைப்பதில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு: விண்டோஸ் ஏறத்தாழ 5000 கோப்புறைகளின் காட்சி அமைப்புகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பழையவை மறக்கப்படும். எதைச் செய்தும் சரிவரவில்லையெனில், அதே பெட்டியில் உள்ள 'ரீசெட் ஃபோல்டர்ஸ்' பொத்தானை அழுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை தொடங்குவதே மேல்.

மேக் கணினியில்

மேக்கில் கோப்புகளைக் காட்டும் செயலியான ஃபைண்டரில் நான்கே காட்சிகள். கமாண்ட் விசையுடன் 1 ஐகான், 2 லிஸ்ட், 3 காலம் (ஆங்கில 'column', அதாவது பத்தி), 4 கேலரி. விண்டோஸின் டீடெயில்ஸ் காட்சிக்கு இணையானது இங்கே லிஸ்ட் காட்சி. அதில் கோப்புறைக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்பைக் கிளிக் செய்தால், வேறு சாளரத்துக்குப் போகாமல் அதே இடத்தில் உள்ளடக்கம் விரியும். ஆப்ஷன் விசையோடு கிளிக் செய்தால் உட்கோப்புறைகளும் சேர்ந்து விரியும். கமாண்ட் விசையுடன் ஜே எழுத்தை அழுத்தினால் வரும் பெட்டியில் 'கேல்குலேட் ஆல் சைசஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால், விண்டோஸில் வெற்றிடமாக நிற்கும் கோப்புறை அளவுகள் இங்கே எண்களாகத் தெரியும். பெரிய கோப்புறைகளில் கணக்கிட நேரமெடுக்கும் என்பதால், இடத்தைச் சுத்தம் செய்யும் நாளில் மட்டும் இயக்குவது போதும்.

வழி மட்டும் நினைவிலிருக்கும் கோப்புகளுக்குக் காலம் காட்சியைப்போல் வேறொன்று இல்லை. 1980-களின் இறுதியில் நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் வந்த இம்முறை, அந்நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய பின் மேக்கிற்கு வந்தது. ஒரு கோப்புறையைக் கிளிக் செய்தால் அதன் உள்ளடக்கம் வலப்பக்கத்துப் பத்தியில் வரும். அதிலொன்றைக் கிளிக் செய்தால் அதற்கும் வலப்பக்கம். 'அலுவலகம், 2023, வரி, ரசீதுகள்' என்று நான்கு படி இறங்கிய பிறகும், கடந்து வந்த நான்கு படிகளும் இடப்பக்கம் அப்படியே தெரியும். தவறான கோப்புறைக்குள் போய்விட்டால் பின்னோக்கிச் செல்லத் தேவையில்லை; இடப்பக்கம் வேறொன்றைக் கிளிக் செய்தால் போதும். தேதியையும் அளவையும் பக்கம்பக்கமாக ஒப்பிட இதில் வழியில்லை என்பதுதான் குறை. அதற்கு லிஸ்ட் காட்சிக்கே திரும்ப வேண்டும்.

கேலரி, 2018-இல் மொஹாவி பதிப்போடு பழைய கவர் ஃப்ளோவுக்குப் பதிலாக வந்தது. புகைப்படங்களில் நல்லதைப் பொறுக்கியெடுக்கப் பொருத்தமானது. எந்தக் காட்சியில் இருந்தாலும் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதன் முன்னோட்டம் பெரிதாகத் திறக்கும் என்பதால், மேக்கில் ஐகான்களைப் பெரிதாக்க வேண்டிய அவசியமே குறைவு. நீண்ட பெயர்களை ஃபைண்டர் நடுவில் சுருக்கி வாலைக் காட்டுவதால், மேலே சொன்ன தீர்மானக் கோப்புகளின் மாதங்களும் தப்பித்துவிடும்.

ஒவ்வொரு கோப்புறையின் காட்சி அமைப்பையும் மேக், அந்தக் கோப்புறைக்குள்ளேயே ஒரு மறைகோப்பில் எழுதிவைக்கிறது. மேக்கில் போட்டு எடுத்த பென்டிரைவை விண்டோஸில் திறக்கும்போது, 'டிஎஸ் ஸ்டோர்' என்ற பெயரோடு புள்ளியில் தொடங்கும் கோப்புகள் தென்படுவது இதனால்தான். அவை வைரஸ் அல்ல. நீக்கினாலும் காட்சி அமைப்பைத் தவிர வேறெதுவும் இழப்பில்லை.

லினக்ஸில்

உபுண்டு போன்றவற்றில் வரும் க்னோம் ஃபைல்ஸ் செயலியில் பட்டியல், கட்டம் என்ற இரண்டு காட்சிகள் மட்டுமே. முன்பு இருந்த நெருக்கக் காட்சியை 2012-இல் நீக்கிவிட்டார்கள்; அதை விரும்பியவர்கள் லினக்ஸ் மின்ட்டின் கோப்புச் செயலியான நீமோவில் இன்றும் பெறலாம். கேடிஇ மேசைத்தளத்தின் டால்ஃபினில் ஐகான், காம்பாக்ட், டீடெயில்ஸ் என்ற மூன்றும் கண்ட்ரோல் விசையுடன் 1, 2, 3 என்ற எண்களில் கிடைக்கும். ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனிக் காட்சியா, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றா என்பதை டால்ஃபினின் அமைப்புகளில் வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறார்கள். விண்டோஸின் ஐந்து வகைக் குழப்பத்தோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

திறக்கும் பெட்டி, சேமிக்கும் பெட்டி

கோப்புறைச் சாளரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்த பிறகும், மின்னஞ்சலில் படத்தை இணைக்கப் போனால் திறக்கும் பெட்டி வேறொரு காட்சியில் வந்து நிற்கும். விண்டோஸில் அந்தப் பெட்டியின் மேல் வலது ஓரத்திலும் காட்சியை மாற்றும் பொத்தான் இருக்கிறது. கண்ட்ரோல் விசையுடன் சக்கரத்தை உருட்டுவதும் அங்கே வேலை செய்யும். மேக்கில் அதே பெட்டிக்குள் ஸ்பேஸ் பாரைத் தட்டி முன்னோட்டம் பார்க்கலாம். க்னோமில் இந்தப் பெட்டியில் சிறுபடக் கட்டம் வேண்டுமென்று 2004 முதலே பயனர்கள் கேட்டு வந்தார்கள். க்னோம் செயலிகளின் சாளரங்களையும் பெட்டிகளையும் உருவாக்க உதவும் நிரல்தொகுப்பான ஜிடிகேயின், 2023 மார்ச்சில் வெளிவந்த 4.10 பதிப்பில்தான் அது கிடைத்தது. பழைய ஜிடிகே பதிப்பைக் கொண்டு உருவான செயலிகளில் இன்னமும் பெயர்ப்பட்டியல்தான். அப்படிப்பட்ட செயலியில் படம் இணைக்க நேர்ந்தால், ஃபைல்ஸ் சாளரத்தைக் கட்டக் காட்சியில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டிய படத்தை அங்கிருந்து இழுத்து, செயலியின் இணைப்புப் பகுதியில் விட்டுவிடலாம்.